இரண்டு நாட்டுக்கும் பாடுகிறவள்

பாடப் போவதற்கு முன்னால் கோரின் டூசெட் வலதுகைக் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றுவாள். கழற்றியதை இடது அக்குளில் செருகிக்கொள்வாள். பிறகு வெறுங்கையை, விரல்களை விரித்து, எந்திர அறையின் தகரச் சுவரில் வைப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம், ஐஸ் ஹாக்கி ஆடுதளத்தின் பனியை உறைய வைக்கும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருக்கும். அதன் முனகல் தகரத்தில் ஏறி, உள்ளங்கையில் ஏறி, முழங்கை வழியாகத் தோளுக்கு வரும். கண்ணை மூடி, வாயைத் திறக்காமல், அதே முனகலைத் தொண்டைக்குள் ஒருமுறை முனகிப் பார்ப்பாள். சரி என்று பட்டதும் கையை எடுத்துக் கோட்டில் துடைத்துக்கொண்டு, பனிமேல் விரித்த சிவப்புக் கம்பளத்தில் மைக்கை நோக்கி நடப்பாள். பாடி முடிக்கும்வரை கையுறை அக்குளிலேயே இருக்கும்.

ஊரில் பாதிப் பேர் அவள் ஜெபம் செய்கிறாள் என்று நினைத்திருந்தார்கள். அரங்கைப் பார்த்துக்கொள்ளும் ஆர்மான் லெவெக்குக்கு மட்டும் விஷயம் தெரியும். "சாமியும் இல்ல பூதமும் இல்ல. என் கம்ப்ரசர்தான் அவளுக்குச் சுருதிப்பெட்டி" என்பான். கோரினுக்கு இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறாள் என்று கேட்டால், "ஆர்மானோட மெஷின் எதுல இருக்கோ அதுல" என்றுதான் சொல்லத் தெரியும்.

ஓல்ட் ஃபெரி, மெய்ன் மாநிலத்தின் வடக்கு விளிம்பில், செயின்ட் ஜான் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் செயின்ட் ஓமேர், அது கனடா. நடுவில் ஒரு பச்சைப் பாலம். இரண்டு ஊரிலும் ஒரே குடும்பப் பெயர்கள், ஒரே மூக்குகள், ஒரே மாதிரி உடைந்த பிரெஞ்சு. கோரின் பிறந்ததிலிருந்து ஓல்ட் ஃபெரிதான். பள்ளிக்கூடத்து மஞ்சள் பஸ்ஸை ஓட்டுகிறாள். இன்று உருளைக்கிழங்கு லாரி ஓட்டுகிறவர்களும், கல்யாணமாகித் தொப்பை போட்டவர்களும் ஒரு காலத்தில் அவள் பஸ்ஸில் வாந்தி எடுத்தவர்கள். யார் யார் எந்த வளைவில் எடுத்தார்கள் என்பதுகூட அவளுக்கு நினைவிருக்கிறது. சொல்ல மாட்டாள். சொல்லக்கூடியவள் என்பதே அவர்களை அடக்கி வைக்கப் போதுமானதாக இருந்தது.

அவள் பாட வந்தது தற்செயல். ஒரு குளிர்காலத்தில், ஆட்டத்துக்கு முன் போடும் தேசிய கீதத்தின் டேப் மெஷினுக்குள் சிக்கிக் கிழிந்துபோனது. ஆட்டக்காரர்கள் எல்லாம் பனியில் வரிசையாக நிற்கிறார்கள். "யாராவது பாடுங்கப்பா, கால் உறையுது" என்று ஆர்மான் கத்தினான். கோரினும் அவளுக்கு மூத்தவள் மோனாவும் இறங்கிப் போய்ப் பாடினார்கள். கோரின் மேலே, மோனா அதற்குக் கீழே, ஒரு ஸ்தாயி தள்ளி, தரையைத் தேய்த்துக்கொண்டு வருகிற மாதிரி ஒரு குரல். சில வருஷங்களில் மோனா பாலத்துக்கு அந்தப் பக்கம் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அவளுக்குப் பிறந்தவன் ஆந்த்ரே, செயின்ட் ஓமேர் அணிக்குக் கோல் காவலன் ஆனான். கோரின் தனியாகப் பாடினாள். எதிரூர் அணி வந்தால் முதலில் விருந்தாளியின் கீதம், பிறகு நம்முடையது. நடுவில் நிறுத்தம் கிடையாது. முதல் பாட்டின் கடைசி ஸ்வரத்திலிருந்து அப்படியே காலை எடுத்து இரண்டாவதில் வைத்துவிடுவாள். இரண்டு கீதங்களுக்கு நடுவில் யாருக்கும் இருமக்கூட நேரம் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோரின் பாலம் தாண்டி மோனா வீட்டுக்குப் போவாள், அல்லது மோனா இங்கே வருவாள். ஒரு பக்கம் மட்டும் சுட்டெடுக்கிற மஞ்சள் தோசையில் வெண்ணெய் தடவிச் சுருட்டி, அடுப்பருகில் நின்றபடியே தின்பார்கள். ஜனாதிபதித் தேர்தல் முடிந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் நின்றார்கள்.

"யாருக்குப் போட்ட?" என்றாள் மோனா, மாவை ஊற்றியபடியே.

"உனக்கே தெரியும்."

"தெரிஞ்சுதான் கேக்கறேன்."

"வீட்டச் சூடாக்குற எண்ணெய் என்ன விலைன்னு உனக்குத் தெரியுமா மோனா? மில்ல இழுத்து மூடிட்டாங்க. அங்க வேல பாத்த நம்ம லாய்ட் இந்த வயசுல தெருவுல பனி வாரிக்கிட்டுத் திரியறான். எவனாவது வந்து எதையாவது பண்ணட்டும்னுதான் போட்டேன்."

"எதையாவது பண்ணுவான். அதுல ஒனக்குக் கவலையே வேணாம்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு அது சிரிக்கக்கூடிய விஷயமாக இருந்தது.

குளிர்காலம் பாதி போவதற்குள் வாஷிங்டனிலிருந்து செய்திகள் வரத் தொடங்கின. கனடாவிலிருந்து வருகிற எல்லாவற்றுக்கும் வரி. பதிலுக்கு அங்கிருந்தும் வரி. பிறகு, கனடாவையே ஐம்பத்தோராவது மாநிலமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சு. ஓல்ட் ஃபெரியில் அதை ஜோக் என்றார்கள். செயின்ட் ஓமேரில் யாரும் அப்படிச் சொல்லவில்லை. அங்கே மளிகைக் கடை அலமாரிகளில் அமெரிக்கச் சாமான்களை, யாரும் வாங்க வேண்டாம் என்பதற்கு அடையாளமாக, தலைகீழாகத் திருப்பி வைத்தார்கள். பெட்ரோலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பாலம் தாண்டி வந்தவர்கள் நின்றுபோனார்கள். ஒரு சாயங்காலம் மோனா போன் செய்தாள்.

"எதையோ பண்ணிட்டான், பாத்தியா?"

"டிவில பாத்தேன்."

"என் வீட்டையும் சேத்து உங்க பேருல எழுதிக்கப் போறீங்களாமே. சமையலறைய மட்டும் விட்டுருங்க. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சேன்."

"மோனா..."

"உன்மேல கோவம் இல்ல கோரி. நான் இனிமே பாலத்தத் தாண்ட மாட்டேன். ஊர்ல எல்லாருமா முடிவு பண்ணியிருக்கோம். அதச் சொல்லத்தான் கூப்புட்டேன்."

'எங்க ஊர்ல' என்றுகூட அவள் சொல்லவில்லை. ஓல்ட் ஃபெரி இனி ஊர்க் கணக்கிலேயே இல்லை என்பதுபோல வெறுமனே 'ஊர்ல' என்றாள். போனை வைத்த பிறகுதான் கோரினுக்கு அது உறைத்தது.

இருந்தாலும் தான் போகலாம் என்று நினைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறுப்பு கேக்குகளுக்கு நடுவில் வெள்ளை க்ரீம் வைத்து ஒரு தட்டு நிறையச் செய்து, முன்சீட்டில் வைத்துக்கொண்டு போனாள். மோனா வாசலுக்கு வந்தாள். ஓடி வரவில்லை, ஆனால் வந்தாள். பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டு, கார்க் கண்ணாடியில் குனிந்து, "வாடி, வா. ஆனா காரக் கொட்டகைக்குப் பின்னாடி நிறுத்து" என்றாள்.

"ஏன்?"

"நம்பர் பிளேட்டு."

கோரின் இன்ஜினை அணைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நம்பர் பிளேட்டில் மெய்ன் என்று எழுதி, ஒரு பைன் மரம் வரைந்திருக்கும். அதை ஒளித்து வைக்க வேண்டிய பொருளாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. மோனா கொட்டகைப் பக்கமாகக் கைகாட்டியபடி நின்றாள். கோரின் ரிவர்ஸ் கியரைப் போட்டாள். தெருவுக்கு வந்து, திரும்பி, பாலத்துக்கு வந்துவிட்டாள்.

இந்தப் பக்கத்துச் சாவடியில் நின்ற அதிகாரி, ஏழாவது படிக்கும்வரை அவள் பஸ்ஸில் வந்தவன். "இப்பத்தானே போனீங்க மிஸ் டூசெட்? அங்கேருந்து ஏதாவது வாங்கிட்டு வர்றீங்களா?"

"கொண்டு போனதத் திருப்பிக் கொண்டு வர்றேன்" என்று தட்டைக் காட்டினாள். அவன் அதில் ஒன்றை எடுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் பேசவில்லை. சண்டையும் இல்லை. பிறந்தநாளுக்குக் கார்டு வந்தது, கார்டு போனது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் கோரின் எதையாவது கழுவிக்கொண்டிருப்பாள். அவளுக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. ஓட்டுப் போட்டது குற்றமென்று அவளுக்குத் தோன்றவில்லை. யாராவது கேட்டிருந்தால் மறுபடி எண்ணெய் விலையைத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் அந்த ஓட்டு எப்படியோ உருண்டு உருண்டு மோனாவின் வாசலில் போய் நின்றுகொண்டு, இவளை உள்ளே விடமாட்டேன் என்கிறது. வாஷிங்டனில் இருப்பவர்களுக்கு செயின்ட் ஓமேர் என்று ஓர் ஊர் இருப்பதே தெரியாது. மோனாவுக்குத் தெரிந்த அமெரிக்கா முழுக்கக் கோரின்தான்.

பாலம் கோப்பை என்று ஒன்று உண்டு. இரண்டு ஊர்ப் பழைய ஆட்டக்காரர்களும் வருஷத்துக்கு ஒருமுறை, குளிர்காலத்தின் முதுகு உடைகிற சமயத்தில், ஐஸ் ஹாக்கி ஆடுவார்கள். ஒரு வருஷம் இங்கே, ஒரு வருஷம் அங்கே. வரி வந்த வருஷம் அது நடக்கவில்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. அடுத்த குளிர்காலத்தில் ஆர்மான் வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டான். செயின்ட் ஓமேர்க்காரர்கள் ரொம்ப நாள் யோசித்துவிட்டு வருகிறோம் என்றார்கள். "ஆந்த்ரேதான் கோல்ல நிக்கறான்" என்று ஆர்மான் கோரினிடம் சொன்னான். மகன் கோலில் நின்றால் மோனா வராமல் இருந்ததில்லை. வருவாள் என்று ஆர்மான் சொல்லவில்லை. கோரினும் கேட்கவில்லை.

ஆட்டத்துக்குச் சில வாரங்கள் முன்பு அரங்கின் பின்னறையில் கமிட்டி கூடியது. உருளைக்கிழங்கு விவசாயி ப்ரூஸ் ஹார்மன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தான்.

"அவங்க கீதம் எதுக்கு இப்ப? டிவில பாத்தீங்கல்ல, அங்க பெரிய பெரிய ஊர்ல நம்ம கீதம் வந்தா ஊளை விடறானுங்க."

"செயின்ட் ஓமேர்ல எவனும் ஊளை விடலியே" என்றான் ஆர்மான்.

"விட வாய்ப்புக் கெடைக்கல. போன வருஷம் ஆட்டமே இல்லியே."

"ரெண்டையும் விட்டுருவோம். நேரா ஆட்டம். வம்பில்ல" என்றார் இன்னொருவர்.

"அப்ப எப்ப ஆட்டம் ஆரம்பிச்சுதுன்னு எவனுக்குத் தெரியும்?" என்றான் ஆர்மான். அவனுக்கு உண்மையாகவே அது கவலை.

கோரின் காபியைக் கீழே வைத்தாள். "பாடுனா ரெண்டும் பாடுவேன். இல்லன்னா ஒண்ணும் பாட மாட்டேன். டேப்பு வாங்கிக்கங்க."

ப்ரூஸ் அவளைப் பார்த்தான். "நீயும் அந்த ஆளுக்குத்தானே போட்ட?"

"ஆமா. அதுக்கும் இதுக்கும் என்ன?"

"உங்க அக்காவுக்காகத்தானே இது?"

"பின்ன, ஒன் அக்காவுக்காகவா?"

அறை சிரித்தது. ப்ரூஸும் கொஞ்சம் சிரித்தான். சிரித்த பிறகு தீர்மானத்தை எதிர்ப்பது கஷ்டம். இரண்டும் பாடுவது என்று முடிவாயிற்று.

இதற்கு நடுவில் கம்ப்ரசர் செத்துப்போனது. அது பழைய எந்திரம். ஒவ்வொரு முறை படுக்கும்போதும் செயின்ட் ஓமேரில் ஒரு பட்டறை அதற்கு உதிரி பாகம் செய்து கொடுக்கும். இந்த முறை இரும்புக்கு அங்கே ஒரு வரி, எல்லை தாண்ட இங்கே ஒரு வரி, எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது என்றார்கள். கமிட்டி கடன் வாங்கி ஒஹையோவிலிருந்து புதிதாகவே ஒன்றை வரவழைத்தது. ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்புதான் அதை மாட்டி முடித்தார்கள். ஆர்மான் புதுமாப்பிள்ளை மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். "பூனை மாதிரி ஓடுது. இருக்கறதே தெரியல" என்று எல்லாரிடமும் சொன்னான். கோரினிடமும் சொன்னான். "நல்லது" என்றாள் அவள். அவள் மனசில் வேறு ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மதியம். செயின்ட் ஓமேர் பஸ் வந்து நின்றபோது கோரின் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். ஆட்டக்காரர்கள் பைகளோடு இறங்கினார்கள். பின்னால் ஆதரவாளர்கள். கடைசியில், சிவப்புக் குல்லாய் போட்டுக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்க்கோடு மோனா.

"வந்துட்ட."

"பையன் கோல்ல நிக்கறான்."

"தெரியும்."

"ஆட்டத்தப் பாத்துட்டுப் போயிருவேன். ஒண்ணும் வாங்க மாட்டேன். காபிகூட கொண்டு வந்துட்டேன்."

"இங்க இருக்கற காபிய நீ என்னிக்கு மதிச்சிருக்க?"

மோனாவின் வாயோரம் அசைந்த மாதிரி இருந்தது. ஆனால் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அவள் உள்ளே போய், விருந்தாளிகள் பக்கத்தில், முதல் வரிசையில், கண்ணாடித் தடுப்புக்கு நேர் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

நேரம் வந்ததும் கோரின் எந்திர அறைப் பக்கம் போனாள். கையுறையைக் கடித்து இழுத்தாள். உள்ளங்கையைத் தகரத்தில் வைத்தாள். வழக்கமாக ஒரு மாடு பெருமூச்சு விடுவதுபோல வருகிற அதிர்வு, இன்று மெல்லிசாக, வேகமாக, தேனீக்கூட்டில் கை வைத்ததுபோல வந்தது. தன் கைதான் நடுங்குகிறது என்று அவள் நினைத்தாள். நடுங்க நியாயமும் இருந்தது. கண்ணை மூடி, வந்ததைத் தொண்டைக்குள் வாங்கிக்கொண்டாள்.

முதலில் விருந்தாளிகளின் கீதம். பாதி ஆங்கிலம், பாதி பிரெஞ்சு. இரண்டாவது வரியில் வீட்டுப் பக்கத்துப் பின்வரிசையிலிருந்து ஊளை வந்தது. மூன்று நான்கு பேர்தான். கோரின் பாட்டை நிறுத்தாமல் தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினாள். அதில் ஒருவன் அவள் பஸ்ஸில் மேப்பிள் தெரு முனையில் ஏறியவன், ஒருவன் தீயணைப்பு நிலையத்தில். ஊளை அடங்கிவிட்டது. அடங்கிய பிறகுதான் தன் குரல் எங்கே நிற்கிறது என்று அவளுக்குக் கேட்டது. எப்போதையும்விட மேலே. ரொம்ப மேலே. கழுத்து நரம்பு புடைத்தது. எப்படியோ ஏறி முடித்தாள்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். மூச்சு வாங்கி, வேறொரு ஸ்வரம் எடுத்து, கீழிருந்து தொடங்கியிருக்கலாம். ஆனால் நிறுத்துவது அவளுக்குப் பழக்கமில்லை. நடுவில் இடைவெளி விட்டால் அதற்குள் யாராவது எதையாவது கத்துவார்கள் என்ற பயமும் இருந்தது. கால் தானாக அடுத்ததில் விழுந்துவிட்டது.

எங்கள் கீதத்தைப் பாடத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: அது தரைக்குக் கீழே தொடங்கிக் கூரைக்கு மேலே போகிற பாட்டு. முதலில் வருகிற தாழ்ந்த இடத்தில், நெஞ்சுக்கூட்டின் அடியில் துழாவித்தான் ஸ்வரத்தை எடுக்க வேண்டும். அன்றைக்கு அது துழாவாமலே கைக்கு வந்தது. எவ்வளவு மேலே தொடங்கிவிட்டாள் என்று அந்தச் சுலபத்தில்தான் கோரினுக்குப் புரிந்தது. பனி விழுந்த மேட்டில் பஸ்ஸை ஏற்றும்போது, பாதியிலேயே தெரிந்துவிடும், டயர் உச்சிவரை பிடிக்காது என்று. நிறுத்தவும் முடியாது, பின்னால் போகவும் முடியாது. கூரையில் தொங்கிய கொடிகளைப் பார்த்துக்கொண்டே ஏறினாள். கடைசி ஏற்றத்தில், எல்லாரும் காத்திருக்கிற அந்த உச்சியில், குரல் கிழிந்தது. ஒரு சிறு கீச்சு. பிறகு ஒன்றுமில்லை. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

அரங்கத்தில் புதுக் கம்ப்ரசர் ஓடுவது கேட்டது. வீட்டுப் பக்கத்து ஜனங்கள் சங்கடத்தில் காலணிகளைப் பார்த்தார்கள். யாராவது சிரிப்பார்கள் என்று கோரின் காத்திருந்தாள். கொடிகளிலிருந்து கண்ணை இறக்கியபோது விருந்தாளிகள் பக்கம் தெரிந்தது. அவர்கள் எல்லாரும் எழுந்து நின்றிருந்தார்கள்; ஆனால் ஒருவர்கூடக் கோரினைப் பார்க்கவில்லை. எல்லாரும் முதல் வரிசையில் நின்ற மோனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்தது. ஒரு ஸ்தாயி கீழே, தரையைத் தேய்த்துக்கொண்டு. மைக் இல்லை. பிளாஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல நேராக நின்று, கோரின் விட்ட இடத்திலிருந்து மோனா எடுத்தாள். அவளும் ஓல்ட் ஃபெரியில் பிறந்தவள்தானே, வார்த்தை மறந்துவிடுமா? ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் போனபிறகு அதை அவள் வாய் திறந்து பாடி யாரும் கேட்டதில்லை. கோரின் குரலைக் கீழே இறக்கி அவளோடு சேர்ந்துகொண்டாள். அதற்குப் பிறகுதான் வீட்டுப் பக்கத்துக்கு உறைத்தது. ப்ரூஸ் ஹார்மன் தொப்பியை நெஞ்சில் அழுத்திக்கொண்டு, சுருதியே இல்லாமல், உரக்க ஆரம்பித்தான். பிறகு எல்லாரும். எல்லாரும் பாடத் தொடங்கியதும் மோனா வாயை மூடிக்கொண்டாள். கடைசி வரியை அவள் பாடவில்லை. அதைக் கோரின் பார்த்தாள்.

ஆட்டத்தில் செயின்ட் ஓமேர் ஜெயித்தது. ஆந்த்ரே ஒரு கோல்தான் விட்டான், அதுவும் தன் ஆள் காலில் பட்டு வந்தது. ஆர்மான் கோரினிடம் வந்து, தன் குழந்தை அடுத்த வீட்டு ஜன்னலை உடைத்துவிட்டதுபோல, "மெஷினப் பத்தி எனக்குத் தோணவே இல்ல கோரின்" என்றான். "எனக்கே தோணல" என்றாள் அவள்.

வெளியே, பஸ் பக்கத்தில் மோனா தனியாக நின்றாள். கோரின் போய்ப் பக்கத்தில் நின்றாள். இருவரும் ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தொண்ட எப்படி இருக்கு?"

"கிழிஞ்ச சாக்கு மாதிரி இருக்கு."

"எனக்கு ஆரம்பத்துலேயே தெரிஞ்சு போச்சு. எங்க பாட்டுலயே. இவ எங்க போய் விழப்போறான்னு பாத்துக்கிட்டே நின்னேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"கண்ணாடிக்கு இந்தாண்ட இருந்து எப்படிச் சொல்றது? எறக்கு எறக்குன்னு கையக் காட்டினேன். நீ கொடியப் பாத்துக்கிட்டு நிக்கற, அது என்னமோ பறந்து போயிரும்ங்கற மாதிரி."

கோரின் சிரித்தாள், சிரித்ததில் தொண்டை வலித்தது. "உள்ள வா. பாகு ஊத்துன பயறு வெந்திருக்கு."

"ஒண்ணும் வாங்க மாட்டேன்னு சொன்னேன்."

"வாங்காத. தின்னு."

ஆட்டத்துக்குப் பிறகு விருந்து நடக்கிற கூடத்துக்குள் மோனா வரவில்லை. சமையலறைப் பின்வாசலில் நின்று, கோரின் பானையிலிருந்து நேராக அள்ளிக் கொடுத்ததைக் கரண்டியாலேயே தின்றாள். இரண்டு வாய் தின்றதும் நிறுத்தி, "இனிப்புக் கம்மி" என்றாள்.

"கரும்புப் பாகு உங்க பக்கத்துலேருந்து வர்றது. வெல ஏறிப்போச்சு."

"யாரு ஏத்துனது?"

"தின்னு மோனா."

மோனா தின்றாள். பிறகு, கரண்டியைப் பார்த்துக்கொண்டே, "அடுத்த தடவையும் அந்த ஆளுக்குத்தான் ஓட்டுப் போடுவியா?" என்றாள்.

"தெரியல."

"பொய் சொல்லாத."

"பொய் இல்ல. தெரியலன்னா தெரியல. ஒன் வாசல்ல வந்து முட்டும்னு தெரிஞ்சா போட்டேன்?"

மோனா கரண்டியை வழித்து நக்கிவிட்டு, குழாயில் கழுவி, துணியில் துடைத்துக் கொடுத்தாள். யாரோ அந்நியர் வீட்டில் அவள் சாப்பிட்ட மாதிரி இருந்தது கோரினுக்கு. பஸ் ஹாரன் அடித்தது.

"நாளைக்கு வர்றியா?" என்றாள் மோனா, குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டு.

"கார எங்க நிறுத்தறது?"

மோனா யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், பக்கத்து வீடு, எதிர்வீடு, சர்ச்சில் பேசக்கூடியவர்கள் எல்லாரும் அவள் முகத்தில் ஒவ்வொருவராக வந்து போனார்கள்.

"வாசல்லயே நிறுத்து."

"நம்பர் பிளேட்டு?"

"பனி வந்து மூடிக்கும்."

மறுநாள் வானம் கழுவி விட்டதுபோல இருந்தது. ஒரு பொட்டுப் பனி விழவில்லை. பைன் மரம் போட்ட நம்பர் பிளேட்டோடு கோரினின் கார் மதியம் முழுக்க மோனாவின் வாசலில் நின்றது. எதிர்வீட்டில் ஒரு திரை விலகி, மூடி, மறுபடி விலகியது. உள்ளே இருவரும் அரசியல் பேசவில்லை என்று சொல்ல முடியாது. பேசினார்கள். ஒரு தோசை கருகிப் போகும்வரை பேசினார்கள். அடுத்ததை ஊற்றினார்கள்.

இதையெல்லாம் கோரின் சொல்லித்தான் நான் கேட்டேன். அவளுக்குத் தெரியாத ஒன்றை, அந்த இலையுதிர்காலத்தில், உருளைக்கிழங்கு அறுவடைக்கு வந்திருந்த செயின்ட் ஓமேர் அணிக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். அந்தச் சனிக்கிழமை பாலம் ஏறுவதற்கு முன்பே அவர்கள் பஸ்ஸில் ஒரு முடிவு செய்திருந்தார்களாம். அமெரிக்க கீதம் தொடங்கியதும் விருந்தாளிகள் எல்லாரும் சத்தமில்லாமல் பனிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பது. யோசனை மோனாவுடையது. முதல் வரிசையில் நிற்கிற அவள் முதலில் திரும்ப வேண்டும், அவளைப் பார்த்து மற்றவர்கள் திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு.